எக்ஸிடரின் நகர்ந்த வீடு: மரச்சட்ட வீடு நிற்பது எப்படி?

இங்கிலாந்தின் எக்ஸிடர் நகருக்குப் போய்வந்த ஒருவர் கேட்டது இது: "வெஸ்ட் ஸ்ட்ரீட்டின் அடிவாரத்தில் ஒரு பழைய மர வீடு பார்த்தேன். மூன்று தளம். ஒவ்வொரு தளமும் அதற்குக் கீழே இருப்பதைவிட வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. கோணல்மாணலாக இருந்தும் ஐந்நூறு வருடம் தாண்டி நிற்கிறதாம். அந்தக் குறுக்கும் நெடுக்குமான மரங்களில் எது சுமை தாங்குவது, எது அலங்காரம்? மாடி ஏன் தெருவுக்குள் நீள்கிறது? மரம் எப்படி இத்தனை காலம் மக்காமல் இருக்கிறது?"

நீங்கள் பார்த்த வீட்டை அந்த ஊரில் 'நகர்ந்த வீடு' என்றுதான் சொல்வார்கள். முதலில் அது நகர்ந்த கதை. அது தெரிந்தால் உங்கள் கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பொதுவாகக் கணிக்கப்படும் அந்த வீடு, இப்போது நிற்கும் இடத்தில் கட்டப்பட்டதல்ல. கொஞ்சம் தள்ளி, எட்மண்ட் ஸ்ட்ரீட்டின் மூலையில் இருந்தது. 1961இல் புதிய சாலை ஒன்று அந்த வழியாக வந்தது. 1942 மே மாதக் குண்டுவீச்சில் எக்ஸிடர் தன் பழைய கட்டடங்களில் ஏராளமானவற்றை ஏற்கெனவே இழந்திருந்தது. மிஞ்சிய ஒன்றையும் இடிக்க மனமில்லாமல், வீட்டை முழுசாக நகர்த்துவது என்று முடிவெடுத்தார்கள். சுற்றிலும் மரச் சாரம் கட்டி இறுக்கினார்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, இரும்புச் சக்கரங்கள்மேல் ஏற்றி, தண்டவாளம் போட்டு, மேட்டில் சுமார் 70 மீட்டர் இழுத்துக்கொண்டுபோய் செயின்ட் மேரி ஸ்டெப்ஸ் தேவாலயத்துக்கு எதிரே வைத்தார்கள். வீட்டின் எடை சுமார் 21 டன்.

அந்த எடையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்று தளம் கொண்ட வீட்டுக்கு அது மிகக் குறைவு. அதே அளவில் செங்கல் வீடு என்றால் பல மடங்கு இருக்கும். அதோடு, செங்கல் சுவரைச் சக்கரத்தில் ஏற்றி மேட்டில் இழுத்தால் முதல் குலுக்கலிலேயே விரிசல் விட்டிருக்கும். செங்கலும் கல்லும் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அவை ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருப்பவை, அவ்வளவுதான். மரச்சட்ட வீடு ஒரு கட்டிலைப் போல. கால், சட்டம், குறுக்குக்கட்டை எல்லாம் ஒன்றோடொன்று கோத்து முடுக்கப்பட்டவை. கட்டிலை இந்த அறையிலிருந்து அந்த அறைக்குத் தூக்கிப் போவதில்லையா? அதே காரியம்தான் எக்ஸிடரில் பெரிய அளவில் நடந்தது.

சரி, சுமை தாங்குவது எது? தரையில் ஒரு தாழ்வான கல் மேடை. அதன்மேல் கிடக்கும் அடிச்சட்டம். அதிலிருந்து எழும்பும் கனமான தூண்கள், குறிப்பாக மூலைத் தூண்கள். தூண்களின் தலைகளை இணைத்து ஓடும் மேல்சட்டம். எதிரெதிர்ச் சுவர்கள் விலகிப்போகாமல் கட்டிப்பிடிக்கும் விட்டம். கூரையின் எடையும் தளங்களின் எடையும் இவை வழியாகத்தான் தரைக்கு இறங்குகின்றன. இவற்றுக்கு இடையில் நெருக்கமாக நிற்கும் மெல்லிய நிலைச்சட்டங்கள் பெரும்பாலும் சுவரை நிரப்பப் பிடிமானம் தருபவை. அவற்றில் ஒன்றிரண்டை எடுத்தாலும் வீடு விழாது.

சாய்வாகவோ வில்போல் வளைந்தோ ஓடும் கட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். நிறையப் பேர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் வீட்டில் மிக முக்கியமான மரங்களில் அவையும் சேர்த்தி. நான்கு கம்புகளைச் சதுரமாக மூலைகளில் ஆணியடித்து, பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், சாய்ந்துவிடும். ஒரு மூலையில் குறுக்காக ஒரு துண்டு அடித்தால் அசையாது. முக்கோணத்தின் பக்க நீளம் மாறாமல் அதன் வடிவம் மாறாது என்பதுதான் காரணம். காற்றுக்கு எதிராக வீட்டை நிறுத்துவது இந்தச் சாய்சட்டங்களே. பிற்காலத்தில் யாரோ வாசல் வைக்க, ஜன்னல் வைக்க என்று இவற்றை அறுத்துவிட்ட வீடுகள் உண்டு. அப்படிப்பட்டவை மெல்ல மெல்ல ஒரு பக்கம் சாயத் தொடங்கும். தெருவில் ஒரு வீடு பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் நான் முதலில் தேடுவது, அறுபட்ட சாய்சட்டத்தின் காலித் துளைகளைத்தான்.

இணைப்புகளுக்கு வருவோம். இந்தப் பகுதியில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேச ஆசை.

மரம் ஓக். அதை உலர்த்தி வைத்துப் பயன்படுத்தவில்லை. வெட்டிய சில மாதங்களுக்குள், பச்சையாகவே இழைத்துக் கட்டினார்கள். உலர்ந்த ஓக் இரும்புபோல இறுகிவிடும், கையால் உளி வைத்துச் செதுக்குவது கொடுமை. பச்சை ஓக் இணக்கமாக வெட்டுப்படும். ஆனால் பச்சை மரம் உலரும்போது சுருங்கும், முறுக்கும், வெடிக்கும். நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாக்கில் கணிசமாகச் சுருங்கும். தச்சர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் சுருக்கத்தையே தங்களுக்கு வேலை செய்யும்படி வைத்தார்கள்.

ஒரு மரத்தின் நுனியை நாக்குபோலச் செதுக்கி, இன்னொரு மரத்தில் வெட்டிய துளைக்குள் செருகுவார்கள். இரண்டையும் சேர்த்துக் குறுக்காக ஒரு மர ஆணி அடிக்கவேண்டும். அதற்கான ஓட்டையை இரண்டு மரத்திலும் ஒரே நேர்கோட்டில் போடுவதில்லை. நாக்கில் உள்ள ஓட்டையை மட்டும் சற்றே, சில மில்லிமீட்டர், நாக்கின் அடிப்பக்கமாகத் தள்ளிப் போடுவார்கள். நுனி கூராக்கிய மர ஆணியை அடிக்கும்போது அது வளைந்து நெளிந்து இரண்டு ஓட்டைகளையும் நேருக்குக் கொண்டுவரப் பார்க்கும். அந்த இழுப்பில் நாக்கு துளைக்குள் இறுகப் பதிந்துவிடும். மரம் சுருங்கினாலும் ஆணியின் இழுவிசை இணைப்பை விடாமல் பிடித்துவைத்திருக்கும். ஆணியை ரம்பத்தால் அறுக்காமல், நார் வாக்கில் பிளந்து எடுப்பார்கள். நார் அறுபடாமல் முழு நீளத்துக்கும் ஓடினால்தான் வளைந்தாலும் முறியாது. பசையும் இல்லை, முக்கியமான இணைப்புகளில் இரும்பும் இல்லை. ஓக் மரத்தில் உள்ள டானின் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரித்துவிடும். மர ஆணிக்கு அந்தக் கவலையே கிடையாது.

வீட்டைக் கட்டியது மனையில் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. தச்சுப் பட்டறையின் தரையில் ஒவ்வொரு சுவரையும் படுக்கவைத்து, மரங்களை ஒன்றன்மேல் ஒன்று கிடத்தி, ஒவ்வொரு இணைப்பையும் அந்தந்த மரத்தின் கோணலுக்கு ஏற்ப அளந்து வெட்டுவார்கள். எந்த இரண்டு மரமும் ஒன்றுபோல இருக்காது, அதனால் ஒரு நாக்கு அதற்கென்று வெட்டிய துளையில் மட்டும்தான் பொருந்தும். எல்லாம் பொருந்தியதும் பிரித்து, வண்டியில் ஏற்றி, மனையில் கொண்டுபோய் நிமிர்த்துவார்கள். எது எதோடு சேரும் என்று தெரியவேண்டுமே? அதற்காக ஒவ்வொரு இணைப்பிலும் உளியால் ரோமன் எண்கள் கீறியிருப்பார்கள். நேர்க்கோடுகள் என்பதால் உளிக்கு அவை எளிது. தாளில் நான்கை ஐந்துக்கு முன்னால் ஒரு கோடு போட்டு எழுதுவோம். தச்சர்கள் பெரும்பாலும் வெறும் நான்கு கோடு கீறினார்கள். ஒரு மரத்தை எந்தப் பக்கமிருந்து பார்ப்போம் என்று சொல்லமுடியாது, தலைகீழாகப் பார்த்தால் நான்கு ஆறாகிவிடும் அல்லவா? இப்படிப்பட்ட குறிகளை ஒரு வீட்டின் பரணில் விளக்கடித்துப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. அந்த ஆள் யாரென்று தெரியாது, அவன் கை மட்டும் அங்கே இருக்கிறது.

இன்னொரு நுட்பம். மூலைத் தூண்களில் பல, மரம் வளர்ந்த திசைக்குத் தலைகீழாக நிற்பவை. வேர்ப்பக்கம் மேலே, நுனிப்பக்கம் கீழே. காரணம், தூணின் தலையில்தான் கூட்டம். மேல்சட்டமும் விட்டமும் தூணும் மூன்றும் ஒரே இடத்தில் வந்து கோத்துக்கொள்ள வேண்டும். மூன்று இணைப்புகளுக்கும் மரச்சதை வேண்டும். மரத்தின் அடிப்பக்கம் இயல்பாகவே பருத்திருக்கும், ஆகவே அதை மேலே கொண்டுபோனார்கள். தூணின் தலை தடித்துப் புடைத்துத் தெரிந்தால் அதுதான் விஷயம்.

இப்போது நீங்கள் முக்கியமாகக் கேட்ட மாடி நீட்டல். ஒரு பக்கத்து மாடியில் இருப்பவர் எதிர்ப்பக்கத்து மாடி ஆளோடு கைகுலுக்கலாம் என்று யார்க் நகரின் ஷாம்பிள்ஸ் தெருவைச் சொல்வார்கள், அவ்வளவு நெருக்கமாக இரு பக்கத்து மாடிகளும் முட்டவருகின்றன. வரி கணக்கிடுவது தரை அளவை வைத்துத்தான், அதனால்தான் மேலே நீட்டினார்கள் என்று ஒரு கதை சுற்றுலா வழிகாட்டிகள் வாயில் தவறாமல் வரும். இதை நான் ஏற்கவில்லை. கென்ட், சஃபோக் பகுதிகளில் வயல் நடுவே தனியாக நிற்கும் விவசாயி வீடுகளிலும் இதே நீட்டல் இருக்கிறது. அங்கே இடத்துக்கும் பஞ்சமில்லை, நெருக்கடியான தெருவும் இல்லை.

நகரத்தில் இடம் ஒரு காரணம்தான். முகப்பு குறுகிய மனையில் ஒவ்வொரு மாடியிலும் ஒன்றரை, இரண்டடி கூடக் கிடைப்பது சின்ன லாபமில்லை. கீழ்த்தளச் சுவர்மேல் மழை நேராக விழாது என்பதும் உண்டு. ஆனால் தச்சரின் கண்ணால் பார்த்தால் காரணங்கள் வேறு. நீட்டல் இல்லாமல் நேராக உயர்த்தினால், தூண் இரண்டு மூன்று தளத்துக்கும் ஒரே மரமாக ஓடவேண்டும். அவ்வளவு நீள மரம் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் ஒவ்வொரு தளத்திலும் பல பக்கங்களிலிருந்து வரும் உத்தரங்களுக்காக அதில் துளை போட்டுப் போட்டுத் தூண் அந்த இடத்தில் பலவீனமாகிவிடும். நீட்டல் முறையில் ஒவ்வொரு தளமும் தனித்தனிப் பெட்டி. கீழ்ப்பெட்டியின் மேல்சட்டத்துக்கு வெளியே தளத்தின் குறுக்குச் சட்டங்கள் நீண்டிருக்கும், அவற்றின் நுனியில் அடுத்த பெட்டி உட்காரும். குட்டையான மரங்களே போதும், இணைப்புகளும் ஒரே இடத்தில் குவியாது.

இதில் ஒரு கூடுதல் பலனும் உண்டு. மேல்சுவரின் எடை சட்டங்களின் நுனியை அழுத்துகிறது. நுனி கீழே அழுந்தினால், சுவரைத் தாண்டி உள்ளே இருக்கும் பகுதி மேலே எழும்பப் பார்க்கும். அறையில் ஆள் நடமாட்டத்தாலும் சாமான்களாலும் தளம் நடுவில் தொய்வதை அது ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. அப்புறம், அந்தஸ்து. தெருவில் போகிறவர் நிமிர்ந்து பார்க்கும்படி, செதுக்கிய தாங்குகட்டைகளோடு மாடி நீட்டுவது வணிகரின் வசதியைக் காட்டியது. இந்தக் காரணம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 16ஆம் நூற்றாண்டு முடியும்போது பாணி மாறியது, பல இடங்களில் நீட்டலும் குறைந்தது. தொழில்நுட்பத் தேவை மட்டுமே என்றால் அவ்வளவு எளிதில் போயிருக்காது.

நீங்கள் பார்த்தது மூலை வீடு, இரண்டு பக்கமும் நீள்கிறது. இங்கே ஒரு சிக்கல் வரும். தளத்தின் சட்டங்கள் ஒரு திசையில்தான் ஓடும். அவை தெற்கே நீண்டால் மேற்குப் பக்கம் எப்படி நீட்டுவது? அதற்காக அறையின் உள்ளிருந்து மூலையை நோக்கிச் சாய்வாக ஒரு கனத்த உத்தரம் போடுவார்கள். ஆங்கிலத்தில் டிராகன் பீம் என்பார்கள். நமக்கோ மூலைவிட்டம் என்ற கணக்குச் சொல்லே இதற்கென்று செய்ததுபோல் பொருந்துகிறது: மூலைக்குப் போகும் விட்டம். அதன் இரு பக்கமும் சட்டங்கள் பிரிந்து, ஒரு கூட்டம் ஒரு தெருவையும் மற்றது இன்னொரு தெருவையும் நோக்கி ஓடும். இந்த உத்தரத்தின் கீழே நிற்கும் மூலைத் தூண் இரண்டு தெருவிலிருந்தும் தெரியும் என்பதால் அதில் செதுக்கு வேலை காட்டுவது வழக்கம்.

வீட்டின் உள்ளமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடைக்கால நகர மனைகள் தெருவில் குறுகி, பின்னால் நீண்டு போகும். முன்னால் கடை, அதன் ஜன்னல் பலகையைக் கீழே மடக்கினால் அதுவே சரக்கு வைக்கும் மேடை. பின்னாலோ மேலேயோ குடும்பம் புழங்கும் கூடம். சமையல் முடிந்தவரை கொல்லைப்பக்கம், தீ பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1666இல் லண்டன் எரிந்தபோது நெருங்கிநின்ற மர மாடிகள் தீயைத் தெருவுக்குத் தெரு கடத்தின. அடுத்த ஆண்டு வந்த சட்டம் புது வீடுகளைச் செங்கல்லிலோ கல்லிலோதான் கட்டவேண்டும் என்றது. கனமான ஓக் உத்தரம் சுலபத்தில் எரியாது என்பதும் உண்மைதான். மேல்பரப்பு கரியாகி, அந்தக் கரியே உள்மரத்துக்குக் கொஞ்ச நேரம் காப்பாகும். மெல்லிய பலகைகளும் வைக்கோல் கூரையும்தான் முதலில் பற்றுகிறவை.

சட்டங்களுக்கு இடையிலான சுவர் என்ன? மேல்சட்டத்தின் அடியில் வரிசையாக ஓட்டைகள், கீழ்ச்சட்டத்தில் ஒரு நீண்ட காடி. ஓக் குச்சிகளை மேலே ஓட்டையில் செருகி, கீழே காடியில் தள்ளி நிறுத்துவார்கள். அவற்றுக்குக் குறுக்கே ஹேசல் என்ற சிறு மரத்தின் கொம்புகளைக் கூடை பின்னுவதுபோலப் பின்னுவார்கள். பின்னல்மேல் இரண்டு பக்கமிருந்தும் களிமண், வைக்கோல், சாணம் பிசைந்த கலவையை அறைந்து பூசுவார்கள். மேலே சுண்ணாம்பு. ஊரில் தட்டி கட்டி மண் பூசிய சுவர் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவுமில்லை. இந்தச் சுவரின் பெரிய குணம், அது வளையும். சட்டம் உலர்ந்து முறுக்கும்போது மண்சுவரும் கூடவே அசைந்துகொடுக்கும். விரிசல் விட்டால் கைப்பிடி மண் போதும். பின்னாளில் பலர் மண்ணை எடுத்துவிட்டுச் செங்கல் அடைத்தார்கள். அது கனம் கூட்டியது, ஈரத்தையும் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது.

கறுப்பு மரம், வெள்ளைச் சுவர் என்ற தோற்றம் பற்றி ஒரு வார்த்தை. இன்று நாம் காணும் அந்தக் கரிய பளபளப்பு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ரசனை. பூச்சில்லாத ஓக் வெயிலிலும் மழையிலும் வெள்ளி கலந்த சாம்பல் நிறமாகும். பல வீடுகளில் மரம், சுவர் வித்தியாசமில்லாமல் மொத்தமாக வெள்ளையடித்திருக்கிறார்கள், காவி கலந்தும் அடித்திருக்கிறார்கள். சாம்பல் நிற ஓக்கும் மங்கிய சுண்ணாம்பும் சேர்ந்து நிற்கும் வீடு எனக்குக் கறுப்பு வெள்ளையைவிட அழகு.

கடைசியாக, எப்படி மக்கவில்லை? ஓக்கின் உள்வைரம் இயல்பாகவே பூஞ்சையை எதிர்க்கும். வெளிப்பக்க வெண்மரத்துக்கு அந்தச் சக்தி இல்லை, வண்டு அரிப்பது பெரும்பாலும் அதைத்தான். ஆனால் வைரமும் தொடர்ந்து நனைந்துகொண்டே இருந்தால் தாங்காது. ஆகவே ரகசியம் நனையாமல் இருப்பதில் இல்லை. நனைந்தது காய்வதில் இருக்கிறது. மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுவிடும். கல் மேடை அடிச்சட்டத்தை மண்ணிலிருந்து தூக்கிவைக்கும். மாடி நீட்டலும் கூரை இறவாரமும் மழையைத் தள்ளிவிடும்.

இதை மறந்துவிட்டு 20ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட நிறைய வீடுகளுக்குச் சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் இறுக்கமானது. மரச்சட்டம் அசையும்போது அதில் மயிரிழை விரிசல் விழும், மழைநீர் அதன் வழியே உள்ளே போகும், திரும்ப வெளியேற வழியில்லை. நான் பழுதுபார்க்கும் குழுவோடு போன ஒரு வீட்டில் சிமென்ட் பூச்சைத் தட்டி எடுத்தபோது அடிச்சட்டம் கையால் அள்ளும் மட்கு மாதிரி வந்தது. நானூறு வருடம் தாக்குப்பிடித்த மரம். சிமென்ட் பூசி நாற்பது வருடம்கூட ஆகவில்லை. அன்று எனக்கு வந்த வேதனை இன்னும் போகவில்லை. இந்த மாதிரி வீடு உங்கள் பொறுப்பில் வந்தால் தயவுசெய்து சுண்ணாம்பைத் தவிர வேறெதையும் பூசவிடாதீர்கள்.

பழுதுபார்க்க வழி இருக்கிறது என்பது ஆறுதல். தூணின் அடி மட்டும் மக்கியிருந்தால் அதை மட்டும் அறுத்தெடுத்து, புது ஓக் துண்டைப் படிப்படியாக வெட்டிக் கோத்து, மர ஆணி அடித்துவிடலாம். முழுத் தூணையும் மாற்றவேண்டியதில்லை. பழையதைப் புதுசாக்காதே, தேவையான அளவு மட்டும் செப்பனிடு என்று 1877இல் வில்லியம் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் அன்றிலிருந்து சொல்லிவருவதும் இதைத்தான்.

கோணலைப் பார்த்துப் பயப்படவேண்டாம். பச்சை மரம் காய்ந்த முதல் சில பத்தாண்டுகளிலேயே பெரும்பாலான முறுக்கு நடந்து முடிந்திருக்கும். இணைப்புகள் புதிய நிலையில் இறுகி, வீடு அப்படியே நின்றுபோயிருக்கும். பழைய கோணல் பாதுகாப்பானது. புதிதாக ஏற்படும் கோணலுக்குத்தான் காரணம் தேடவேண்டும்.

பச்சையாகக் கட்டியதில் இன்னொரு நன்மை நமக்குக் கிடைத்திருக்கிறது. மரத்தின் ஆண்டு வளையங்களின் அகல ஒழுங்கை ஒப்பிட்டு, பட்டை ஒட்டிய கடைசி வளையமும் மிஞ்சியிருந்தால், அது எந்த ஆண்டு வெட்டப்பட்டது என்று சொல்லிவிட முடிகிறது. வெட்டியவுடன் கட்டினார்கள் என்பதால் அதுவே ஏறக்குறைய வீட்டின் வயது. ஜெர்மனியின் க்வெட்லின்பர்க் நகரில், வோர்ட்காசே 3 என்ற முகவரியில் உள்ள சிறு வீட்டை 1346-47 காலத்தது என்று இப்படித்தான் கண்டார்கள். இப்போது அது மரச்சட்டக் கட்டடக்கலை அருங்காட்சியகம். அங்கே நான் மேலே சொன்ன பழைய முறையையே பார்க்கலாம்: தரையிலிருந்து கூரைவரை ஒரே மரமாக ஓடும் தூண்கள். எக்ஸிடர் வீட்டின் தனித்தனிப் பெட்டிகளோடு அதை ஒப்பிட்டால் தச்சர்கள் ஏன் முறையை மாற்றினார்கள் என்பது கண்ணுக்கே புரியும்.

மறுபடி எக்ஸிடர் போனால் வீட்டை எதிரிலிருந்து படமெடுப்பதோடு நிறுத்தாதீர்கள். மூலைக்கு வந்து, நீட்டலுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். சட்டங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன, மூலையில் எங்கே பிரிகின்றன என்று தேடுங்கள். இடைக்காலச் சட்டங்கள் உயரத்தைவிட அகலம் கூடியவை, படுக்கவைத்த பலகைபோல இருக்கும். நிமிர்த்தி வைத்தால்தான் பலம் அதிகம் என்ற கணக்கு பிற்பாடு வந்தது. இணைப்புகளில் காசளவு வட்டமாக, கொஞ்சம் துருத்திக்கொண்டு தெரிபவை அந்த மர ஆணிகளின் தலைகள்.